நினைப்புக்கு மூளை கட்டுப்படுமா?

புளியங்காயை நினைத்தால் வாய் ஊறுகிறது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு கடி, பல் கூசுகிற அந்தப் புளிப்பு என்று மனதில் ஓட்டிப் பார்த்தாலே போதும். நாக்கடியில் ஈரம் சேர்ந்துவிடும். இப்போது புளியை மறந்துவிட்டு, 'எச்சிலே, ஊறு' என்று மட்டும் ஆணையிட்டுப் பாருங்கள். வாய் கேட்பதில்லை. இதயத்திடம் 'மெல்லத் துடி' என்று சொன்னாலும் அப்படித்தான். ஆனால் விரலை மடக்க வேண்டும் என்று நினைத்தால், நினைத்த கணமே மடங்குகிறது. எந்தத் தசை இழுக்கிறது, எந்த நரம்பு வழியாகச் செய்தி போகிறது என்று எதுவும் அறியாத மூன்று வயதுக் குழந்தைக்கும் மடங்குகிறது.

விரலை இழுத்தது முன்கையின் தசை. தசையைச் சுருங்க வைத்தது நரம்பு வழியே வந்த மின்துடிப்பு. அந்தத் துடிப்பைக் கிளப்பிவிட்டது மூளையின் மேற்பரப்பில் பட்டையாக ஓடும் இயக்கப் புறணி. சரி, இயக்கப் புறணியைக் கிளப்பியது எது? 'நான் நினைத்தேன், அதனால்தான்' என்பது நம் எல்லோருடைய பதில். அந்தப் பதில் உண்மையா என்று பார்ப்பதே இந்த அத்தியாயம். தெரிந்தே, உணர்ந்தே நாம் கொள்ளும் நோக்கத்தை இங்கே 'நனவுநோக்கம்' என்று அழைப்போம். நனவுநோக்கத்தால் மூளையின் செயலை மாற்ற முடியுமா? அல்லது மூளை தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு, 'நீதான் செய்தாய்' என்று நமக்குப் பிறகு தகவல் மட்டும் சொல்கிறதா?

இளவரசியின் ஐயம்

1643 மே மாதம். அரசிழந்து ஹாலந்தில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தைச் சேர்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத்துக்கு அப்போது 24 வயது. தத்துவவாதி ரெனே டெகார்ட்டின் எழுத்தைப் படித்துவிட்டு அவருக்கே கடிதம் எழுதினார். மனம் வேறு, உடல் வேறு. மனத்துக்கு நீளமோ அகலமோ கிடையாது, அது இடத்தை அடைத்துக்கொள்வதில்லை என்பது டெகார்ட்டின் கொள்கை. அப்படியானால் அந்த மனம் உடலை எப்படித் தள்ளுகிறது என்று கேட்டார் எலிசபெத். ஒன்றை நகர்த்தத் தொட வேண்டும். தொடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பே இல்லாத ஒன்று எதைத் தொட்டு எதை நகர்த்தும்? இருவருக்கும் இடையே கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் போய்வந்தன. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இளவரசி ஏற்கும்படியான பதில் வரவே இல்லை. இந்தத் துறையில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானது இது என்பது என் எண்ணம்.

இன்றைய நரம்பியலாளர்களில் பெரும்பாலோர் உடலைவிட்டுத் தனியே நிற்கும் மனம் ஒன்றை ஏற்பதில்லை. எண்ணம் என்பது மூளை செய்யும் வேலை. எலிசபெத்தின் சிக்கல் இதோடு தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. 1874இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆற்றிய உரையில் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அதன் புதிய வடிவத்தை முன்வைத்தார். நீராவி எஞ்சின் ஓடும்போது ஊதல் ஒலிக்கிறது. ஊதல் ஒலிப்பதால் எஞ்சின் ஓடுவதில்லை. நனவும் அந்த ஊதலைப் போன்றதுதான் என்றார் அவர். மூளை நனவை உண்டாக்குகிறது. நனவு மூளையை ஒன்றும் செய்வதில்லை.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரை இது தத்துவ வாதமாகவே இருந்தது. பிறகு ஆய்வகத்துக்குள் வந்தது.

லிபெட்டின் கடிகாரம்

முதல் தடயம் 1960களின் நடுவில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் கிடைத்தது. ஹான்ஸ் கோர்ன்ஹூபர், லூடர் டீக்கே என்ற இரு ஆய்வாளர்கள், தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்மாற்றங்களைப் பதியும் இ.இ.ஜி. முறையைக் கையாண்டார்கள். ஒரு விரலசைவுக்கான மின்மாற்றம் மிகச் சிறியது. மூளையின் பொதுவான இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே பல அசைவுகளைப் பதிந்துகொண்டு, ஒவ்வொரு அசைவும் நடந்த கணத்திலிருந்து நாடாவைப் பின்னோக்கி ஓட்டிச் சராசரி எடுத்தார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மெதுவாக வலுத்துவரும் ஓர் அலை மிஞ்சியது. விரல் அசைவதற்கு ஒரு விநாடிக்கும் முன்பே அது தொடங்கியிருந்தது. இதை 'ஆயத்த அலை' என்போம்.

ஒரு விநாடி என்பது நமக்குச் சிறிது. மூளைக்கு அது மிக நீண்ட நேரம். அப்படியானால் அந்த விநாடியின் எந்தக் கட்டத்தில் 'இப்போது அசைக்கிறேன்' என்ற எண்ணம் பிறக்கிறது? சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் லிபெட் இதை அளக்கத் துணிந்தார். அவரது முடிவுகள் 1983இல் வெளியாகின.

ஒரு திரையில் ஒளிப்புள்ளி ஒன்று கடிகார முள்போலச் சுற்றிவரும். ஒரு சுற்றுக்கு 2.56 விநாடி. எதிரே அமர்ந்திருப்பவர் தனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசைக்கலாம். அசைக்கும் உந்துதலை முதன்முதலில் உணர்ந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பிறகு சொல்ல வேண்டும். சராசரி எடுத்தபோது கிடைத்தது இது: முன்திட்டம் இல்லாத அசைவுகளில் ஆயத்த அலை அசைவுக்கு 550 மில்லிவிநாடி முன்பு தொடங்கியது, அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல். உந்துதலை உணர்ந்ததாக அவர்கள் சொன்ன நேரமோ அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி முன்புதான்.

மூளை முந்திக்கொண்டது; எண்ணம் பின்னால் வந்தது. ஹக்ஸ்லியின் ஊதலுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். லிபெட் அவ்வளவு தூரம் போகவில்லை. தொடங்கி வைப்பது மூளையாக இருக்கலாம், ஆனால் கடைசி நொடித்துண்டில் அசைவைத் தடுத்து நிறுத்தும் உரிமை நனவுக்கு இருக்கிறது என்பது அவர் கொண்ட நிலை.

2008இல் ஜான்-டிலன் ஹெய்ன்ஸின் குழு இந்த இடைவெளியை இன்னும் நீட்டியது. மூளையில் இரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் கொண்டு, ஒருவர் இடது பொத்தானை அழுத்துவாரா வலது பொத்தானையா என்பதற்கான தடயத்தை, அவர் முடிவெடுத்ததாக உணர்வதற்குச் சில விநாடிகள் முன்பே, அதிகபட்சம் 10 விநாடி முன்பே பார்த்தார்கள். பத்திரிகைகளில் இது பெரிதாக அடிபட்டது. கணிப்பின் துல்லியம் ஏறத்தாழ 60 சதவீதம் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். ஒருவருக்கு அன்று இடதுபக்கம் சற்றே சாய்வு இருந்தது என்று சொல்லலாம்; முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்ல 60 போதாது.

அலை எதைக் காட்டுகிறது?

ஆயத்த அலை என்பது மூளை எடுத்த முடிவின் தடம் என்று எல்லோரும் நம்பிவந்தார்கள். 2012இல் ஆரோன் ஷுர்கர், ழாக்கோபோ சிட், ஸ்தனிஸ்லாஸ் தெஹென் ஆகிய மூவரும் அந்த நம்பிக்கையையே சோதித்தார்கள்.

கடற்கரை மணலில் ஒரு கோடு கிழித்துவிட்டு உட்காருங்கள். நீர் முன்னும் பின்னுமாகத் தன்போக்கில் அலைகிறது. எப்போதாவது ஓர் அலை கோட்டைத் தொடுகிறது. தொட்ட தருணங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் பின்னோக்கி ஓட்டிச் சராசரி பார்த்தால் என்ன தெரியும்? தொடுவதற்குச் சற்று முன்பிருந்தே நீர் சீராக ஏறிவந்ததாகத் தெரியும். கடல் முன்கூட்டியே திட்டமிட்டதாகக் கூடத் தோன்றும். உண்மையில் அந்த ஏற்றம் நாம் பொறுக்கிய முறையில் இருந்து வந்தது.

மூளையின் மின்செயலும் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 'எப்போது வேண்டுமானாலும் அசையுங்கள். அதற்கு எந்தக் காரணமும் வேண்டாம்' என்று ஒருவரிடம் சொன்னால், இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கமே கணத்தைத் தேர்ந்துகொள்ளும் என்பது ஷுர்கர் குழுவின் விளக்கம். கணக்கு மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்ததில் ஆயத்த அலையின் வடிவம் அப்படியே வந்தது. சோதனையிலும் பார்த்தார்கள். இடையிடையே எதிர்பாராத நேரத்தில் 'டிக்' என்று ஓர் ஒலி. கேட்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். மிக வேகமாக அழுத்திய தருணங்களை எடுத்துப் பார்த்தால், ஒலிக்கு முன்பே மின்செயல் அசைவின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எப்போது வரும் என்றே தெரியாத ஒலிக்கு யாரும் முன்கூட்டி ஆயத்தமாக முடியாது. ஆகவே அந்தச் சாய்வு முடிவின் தடமாக இருக்க வழியில்லை.

2019இல் உரி மாவோஸ், லியாட் முட்ரிக் குழுவினர் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார்கள். மணிக்கட்டை எப்போது அசைப்பது என்பது யாருக்கும் பொருட்டில்லாத விஷயம். பொருட்டான ஒன்றை முடிவு செய்யும்போது? இரண்டு தொண்டு நிறுவனங்களின் பெயர்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு வகைச் சுற்றுகளில், தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கே 1,000 டாலர் போகலாம். இன்னொரு வகையில் எதைத் தொட்டாலும் இரண்டுக்கும் சரிபாதி. எதைத் தொட்டாலும் ஒன்றுதான் என்ற சுற்றுகளில் ஆயத்த அலை வழக்கம்போல வந்தது. யோசித்துத் தேர்ந்த சுற்றுகளில் அது இல்லை, அல்லது மிகவும் நலிந்திருந்தது.

நாற்பது ஆண்டு விவாதத்தில் எளிதாகக் கவனத்துக்குத் தப்பிய இன்னொன்றும் உண்டு. லிபெட்டின் சோதனையில் அமர்ந்தவர்கள் ஏன் மணிக்கட்டை அசைத்தார்கள்? லிபெட் விளக்கினார், அவர்கள் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், ஒப்புக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபோதே 'இன்று இந்த நேரத்தில் மணிக்கட்டை அசைப்பேன், காலை அல்ல, கழுத்தை அல்ல' என்ற நோக்கம் நனவில் வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் அந்த அசைவுகளும் இல்லை, ஆயத்த அலையும் இல்லை. நனவுநோக்கம் 200 மில்லிவிநாடியில்தான் இருக்கிறது என்று எண்ணி, அரை மணிநேரம் முன்பே வந்து அமர்ந்திருந்ததை விட்டுவிட்டோம்.

காரணத்தைப் பிடிப்பது எப்படி?

எது முந்தியது, எது பிந்தியது என்பதை வைத்துக் காரணத்தைத் தீர்மானிக்க முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். காக்கைதான் காரணமா என்று அறிய நேரத்தை அளந்து பயனில்லை. காக்கையை உட்கார விட்டும், உட்கார விடாமலும் பார்க்க வேண்டும்; மரம், காற்று, பழத்தின் முதிர்ச்சி எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது மாறுகிறதா? மருந்துச் சோதனை முதல் உரச் சோதனை வரை அறிவியல் காரணத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

நோக்கத்துக்கும் அதே சோதனையை வைக்கலாம். கண்முன் தெரியும் காட்சி ஒன்று, காதில் விழும் ஒலி ஒன்று, உடலில் அசைவே இல்லை. நோக்கம் மட்டும் வேறு. மூளை வேறாகச் செயல்படுகிறதா? இதை மிகத் தூய்மையாகச் செய்து காட்டிய ஆய்வு தத்துவத்துக்காக நடந்ததே அல்ல. பேசவோ அசையவோ முடியாத நோயாளிகளோடு எப்படியாவது தொடர்புகொள்ள முடியுமா என்ற தவிப்பில் நடந்தது.

ஒரே கட்டளை, இரண்டு பதில்

தலையில் பலத்த அடிபட்டுக் கோமாவுக்குப் போகும் சிலர், சில வாரங்களில் கண் திறக்கிறார்கள். தூங்குகிறார்கள், விழிக்கிறார்கள், தாமாக மூச்சு விடுகிறார்கள். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அழைத்தால் பதில் இல்லை. 'விரலை அசை' என்றால் அசைவதில்லை. விழிப்பு திரும்பி, தன்னுணர்வு திரும்பாத இந்த நிலையை 'உணர்வற்ற விழிப்பு' எனலாம்.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் தலைமையிலான குழு, அந்த நிலையில் இருந்த 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேன் கருவிக்குள் வைத்து ஒரு வேண்டுகோள் விடுத்தது: டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள். பிறகு இன்னொன்று: உங்கள் வீட்டின் அறைகளுக்குள் நடந்துபோவதாகக் கற்பனை செய்யுங்கள். டென்னிஸ் என்றபோது, அசைவுகளைத் திட்டமிடுவதில் பங்குள்ள துணை இயக்கப் பகுதி செயல்பட்டது. வீடு என்றபோது, இடங்களை நினைவுகூரும் பகுதிகள் செயல்பட்டன. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களின் ஸ்கேனிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2006இல் இந்த முடிவு வெளியானது.

மறுப்பும் உடனே வந்தது. நியாயமான மறுப்பு. 'டென்னிஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் அசைவோடு தொடர்புள்ள பகுதி தானாகத் தூண்டப்பட்டிருக்கலாமே? சொல் மூளையைத் தட்டியது. அங்கே நோக்கம் எதற்கு? ஓவன் தரப்பின் பதில், செயல்பாடு 30 விநாடி வரை நீடித்தது, ஓய்வெடுக்கச் சொன்னதும்தான் அடங்கியது என்பது. சொல் தானாகத் தூண்டியிருந்தால் விரைவில் மங்கியிருக்கும். பதில் வலுவானது என்றாலும் ஐயத்தை முழுவதும் அடைக்கவில்லை.

அடைத்தது 2010இல் வெளியான அடுத்த ஆய்வு. இதில் கேம்பிரிட்ஜோடு பெல்ஜியத்தின் லியேஜ் நகர மருத்துவர்களும் சேர்ந்தார்கள். முதல் ஆசிரியர் மார்ட்டின் மாண்ட்டி. இந்த முறை ஏற்பாடே வேறு. ஆம் என்றால் ஒரு கற்பனை, இல்லை என்றால் மற்றொன்று. உதாரணமாக, ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று முதலில் நோயாளியிடம் சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரு கேள்வி: 'உங்களுக்குச் சகோதரர்கள் உண்டா?' அதன் பிறகு 'டென்னிஸ்', 'வீடு' என்ற சொற்களே வராது. 'பதில்' என்ற ஒரே சொல். அதைக் கேட்டதும் பதிலுக்குரிய கற்பனையைத் தொடங்க வேண்டும்; 'ஓய்வு' என்றதும் நிறுத்த வேண்டும். இப்படிச் சில நிமிடங்கள் மாறி மாறி. சரியான விடை ஸ்கேனைப் படிப்பவர்களுக்கும் தெரியாது.

முதலில் உடல்நலம் உள்ள 16 பேரிடம் செய்து பார்த்தார்கள். படத்தை மட்டும் பார்த்து ஆமா இல்லையா என்று சொன்னதில் ஒரு தவறுகூட வரவில்லை. பிறகு 54 நோயாளிகள். அவர்களில் 23 பேர் உணர்வற்ற விழிப்பில் இருப்பதாகக் கருதப்பட்டவர்கள், மற்றவர்களுக்கு அவ்வப்போது சிறு உணர்வு வந்துபோகும். ஐந்து பேர் சொன்னபடி மூளையின் செயலை மாற்றிக் காட்டினார்கள். அந்த ஐவரில் ஒருவரிடம் கேள்விகளையும் கேட்டார்கள். விபத்தில் அடிபட்டு ஐந்து ஆண்டுகளாகப் படுத்திருந்த இளைஞர் அவர். தந்தையின் பெயர் இதுவா, அதுவா என்பது போன்ற ஆறு கேள்விகள். ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு எந்தப் பகுதியும் செயல்படவில்லை. தவறான விடை என்று ஒன்று இல்லவே இல்லை.

இந்த இளைஞரின் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். தந்தையின் சரியான பெயரைச் சொல்லிக் கேட்கும்போது ஒரு பகுதி செயல்படுகிறது. வேறு பெயரைச் சொல்லிக் கேட்கும்போது மற்றொன்று. இரண்டு முறையும் 'பதில்' என்ற அதே சொல். அதே கருவி, அதே இரைச்சல், அதே அசையாத உடல். கேள்வியில் ஒரு பெயர் மட்டும் வேறு. அந்தப் பெயரின் ஒலிக்கும் டென்னிஸுக்கும் என்ன தொடர்பு? எதுவும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் இன்னொருவரின் காதில் அதே பெயர் விழுந்தால் இந்த விளைவு வராது. ஆம் என்றால் டென்னிஸ் என்பது இயற்கையின் விதியும் அல்ல. சற்று முன் ஒருவர் சொல்லி, இவர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆகவே பெயரிலிருந்து துணை இயக்கப் பகுதி வரை போகும் வழி முழுவதும் இவருடைய நினைவு, இவர் புரிந்துகொண்ட விதி, அதன்படி நடக்க இவர் கொண்ட நோக்கம் ஆகியவற்றின் ஊடாகவே போகிறது. வேறு வழியில்லை. நோக்கம் மாறினால் மூளையின் செயல் மாறுகிறது.

தனி நியூரானிடம்

எஃப்.எம்.ஆர்.ஐ. காட்டுவது பல லட்சம் நியூரான்களின், அதாவது நரம்பணுக்களின், கூட்டுச் செயலை. ஒற்றை நியூரானும் நோக்கத்துக்கு இசையுமா? 1969இலேயே சியாட்டில் நகரில் எபர்ஹார்ட் ஃபெட்ஸ் குரங்குகளில் ஒரு வழி காட்டினார். இயக்கப் புறணியின் ஒரு நியூரான் வேகமாகத் துடிக்கும்போதெல்லாம் உணவு. துடிப்பின் வேகத்தைக் குரங்கு அறிய ஓர் ஒலி அல்லது அளவுமானியின் முள். குரங்குகள் அந்த ஒற்றை நியூரானைக் கூடுதலாகத் துடிக்க வைக்கக் கற்றுக்கொண்டன. இன்று கை கால் இயங்காதவர்கள் எண்ணத்தால் கணினியின் சுட்டியை நகர்த்துகிற மூளை-கணினி இணைப்புகளுக்கு இந்தச் சோதனை ஒரு வேர்.

மனிதரிடம் இதைச் செய்ய எல்லோருக்கும் மூளைக்குள் கம்பி வைக்க முடியாது. கடுமையான வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் முன், வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய நுண்கம்பிகள் வைக்கப்படும் நோயாளிகள் சிலர் மனமுவந்து இத்தகைய ஆய்வுகளுக்கு உதவுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அப்படிப்பட்ட 12 பேரிடம் மோரன் செர்ஃப், கிறிஸ்டோஃப் காக், இட்ஸாக் ஃபிரைட் ஆகியோர் செய்த ஆய்வு 2010இல் வந்தது. ஒரு நடிகையின் படத்துக்குத் துடிக்கும் நியூரான், ஒரு நடிகரின் படத்துக்குத் துடிக்கும் நியூரான் என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு இரண்டு படங்களையும் பாதிக்குப் பாதி கலந்து திரையில் காட்டி, 'இவரை மட்டும் நினையுங்கள்' என்றார்கள். நியூரான்களின் துடிப்புக்கு ஏற்பக் கணினி ஒரு படத்தைத் தெளிவாக்கும், மற்றதை மங்கச் செய்யும். ஏறத்தாழ பத்தில் ஏழு முறை நோயாளிகள் கேட்ட படத்தைத் திரையில் நிறுத்தினார்கள். தொடக்கத்தில் கண்ணில் விழுந்தது ஒரே கலவைப் படம். எந்த நியூரான் ஓங்கும் என்பதை அவர்கள் யாரை நினைக்க முனைந்தார்கள் என்பது தீர்மானித்தது.

இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நியூரான் எங்கே இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது. 'நியூரானே, துடி' என்று அவர் ஆணையிடவும் இல்லை. ஒரு முகத்தை நினைத்தார். நோக்கம் பொருள் வழியாகத்தான் மூளையைத் தொடுகிறது.

நோக்கமே மூளைதானே?

இங்கே கவனமான வாசகர் குறுக்கிடுவார். அந்த நோக்கமும் நியூரான்களின் செயல்தானே? அப்படியானால் ஒரு மூளைச்செயல் இன்னொரு மூளைச்செயலை உண்டாக்கியது, அவ்வளவுதான். 'நனவுநோக்கம்' என்ற பெயர் எதற்கு?

நோக்கமும் மூளைச்செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2009இல் பிரான்ஸில் மிஷேல் தெமுர்ஷே, ஆஞ்செலா சிரிகு குழுவினர், விழித்த நிலையில் மூளை அறுவை செய்யப்பட்ட ஏழு பேரிடம் கண்டது இதற்குச் சான்று. மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சியபோது, கையை அல்லது உதட்டை அசைக்க வேண்டும் என்ற ஆசை எழுந்ததாகச் சொன்னார்கள். மின்னோட்டத்தைக் கூட்டியபோது அசைத்தேவிட்டதாக நம்பினார்கள். தசை துளியும் அசையவில்லை. முன்னிருக்கும் இயக்கத் திட்டப் பகுதியில் பாய்ச்சியபோது கை உண்மையிலேயே அசைந்தது; அசையவில்லை என்று சாதித்தார்கள். நோக்கம் எங்கோ மேலிருந்து இறங்குவதல்ல. மூளையின் குறிப்பிட்ட சில இடங்களில் பிறப்பது.

ஆனாலும் 'வெறும் நியூரான்கள்தான்' என்று சொல்லி முடித்துவிட்டால் காரணம் கை நழுவிப் போகிறது. மாண்ட்டியின் இளைஞருக்கும் அந்த 16 பேருக்கும் நியூரான்களின் அமைப்பு ஒன்றல்ல. எந்த இரண்டு மூளையும் ஒன்றல்ல. 'ஆம்' என்று சொல்ல நினைத்த ஒவ்வொருவரிடமும் ஒரே பகுதி செயல்பட்டது. அடுத்த 30 விநாடியில் எந்தப் பகுதி செயல்படும் என்று கணிக்க நமக்குத் தேவைப்பட்டது நியூரான்களின் வரைபடம் அல்ல. அவருடைய தந்தை பெயர் என்ன, அவர் ஒப்புக்கொண்ட விதி என்ன என்ற இரண்டு செய்திகள். எதை மாற்றினால் விளைவு மாறுகிறதோ அதுவே காரணம் என்று ஏற்றால், இங்கே காரணம் நோக்கத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. அது நியூரான்களால் ஆனது என்பது அதன் வலிமையைக் குறைப்பதில்லை. எலிசபெத் கேட்ட 'எதைத் தொட்டு நகர்த்துகிறது' என்ற கேள்விக்கு விடையாகவும் அமைகிறது.

ஹக்ஸ்லியின் பக்கம் இன்னும் ஒரு வாதம் மிஞ்சுகிறது. நோக்கம் வேலை செய்கிறது, சரி. அதை உணர்வது, அந்த நனவு, வேலை செய்கிறதா? நோக்கத்தின் மூளைச்செயலை அப்படியே வைத்துக்கொண்டு நனவை மட்டும் கழற்றிப் பார்க்கும் சோதனை யாரிடமும் இல்லை. அதனால் இந்த இடத்தில் நான் 'முடிந்தது' என்று எழுத மாட்டேன். ஆனால் தடயங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. கண் உணராத வேகத்தில் காட்டி மறைக்கப்படும் சொற்களும் மூளையைத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டல் சட்டென்று மங்கிப் போகிறது. முன்பின் கேட்டிராத விதியைக் கேட்டு, அதை மனதில் ஏந்தி, சொன்ன நேரத்தில் தொடங்கி, அரை நிமிடம் விடாமல் நடத்தி, சொன்ன நேரத்தில் நிறுத்துவது வேறு வகை வேலை. நாம் அறிந்தவரை நனவோடு இருப்பவர்களே அதைச் செய்கிறார்கள்.

பெர்லினில் நடந்து 2016இல் வெளியான சோதனை ஒன்றும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. பச்சை விளக்கு எரியும்போது காலால் ஒரு மிதியை அழுத்தலாம். சிவப்பு வந்தால் கூடாது. ஒரு கணினி இ.இ.ஜி.யில் ஆயத்த அலையைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்டவுடன் சிவப்பைப் போடும். அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி முன்பு வரை சிவப்பு வந்தால் பலரால் அசைவை நிறுத்த முடிந்தது. ஆயத்த அலை எழுந்துவிட்டால் அசைவு நடந்தே தீரும் என்பது பொய்த்தது. நிறுத்த வைத்தது எது? சிவப்பு விளக்குக்கு இயல்பாக அந்தச் சக்தி கிடையாது. 'சிவப்பு என்றால் நிறுத்துவேன்' என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட நோக்கம் அதற்கு அந்தச் சக்தியைக் கொடுத்தது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 'செய்ய வேண்டும்' என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, 'காலை காபி குடித்ததும் மாத்திரை போடுவேன்' என்பதுபோல நேரமும் இடமும் குறித்து நினைப்பவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. முன்கூட்டிக் கொண்ட நோக்கம், பிறகு வரும் கணத்தில் மூளை எதற்கு எப்படி இசையும் என்பதை அமைத்து வைக்கிறது.

மருத்துவமனையில்

தத்துவவாதிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்க, மருத்துவம் இந்தக் காரணத்தொடர்பைக் கருவியாக எடுத்துக்கொண்டுவிட்டது. படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் அசையாத ஒருவரிடம் 'டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்', 'கையை மூடித் திறப்பதாக நினையுங்கள்' என்று சொல்லி, மூளை இசைகிறதா என்று ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ பார்க்கிறார்கள். இசைந்தால், உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கொள்கிறார்கள். பல நாட்டு மருத்துவ மையங்கள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், எதற்கும் வெளிப்படையாகப் பதில் தராத 241 பேரைச் சோதித்தபோது 60 பேரின் மூளை கட்டளைக்கு இசைந்தது. நால்வரில் ஒருவர்.

அதே ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது: படுக்கையருகே சொன்னதைக் கேட்டுக் கண்ணெதிரே அசைந்து காட்டக்கூடியவர்கள் 112 பேர். அவர்களிலும் 38 சதவீதத்தினரிடம் மட்டுமே கருவிகள் அந்த இசைவைப் பிடித்தன. கற்பனையை அரை நிமிடம் விடாமல் பிடித்து வைத்திருப்பது அடிபட்ட மூளைக்குக் கடினம். களைப்பு, மருந்து, கவனச்சிதறல் எதுவும் அதைக் கலைத்துவிடலாம். ஆகவே ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து, அந்தப் படுக்கையில் இருப்பவர் கேட்கவில்லை என்று எந்த மருத்துவரும் இன்று எழுதிவிட முடியாது. மறுபடி ஒரு நாள், வேறு நேரத்தில், வேறு கட்டளையோடு கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.